கிரவல் வீதியும் குடும்ப ஜீப்பும்

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 இப்போது காப்பற் வீதி. மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவு போகும் ஏ34 இலும், பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போகும் ஏ35 இலும் சின்னக் கார் தாராளமாக ஓடும். பிரதான வீதியை நினைத்து யாரும் பெரிய ஜீப் வாங்கத் தேவையில்லை. ஜீப் வேண்டியது அந்த வீதியிலிருந்து வீட்டுப் படலை வரைக்கும் உள்ள கடைசி ஐந்தாறு கிலோமீற்றருக்கு. கோடையில் அது புழுதிக் கிரவல். மாரியில் உழவு இயந்திரச் சில்லு கிழித்துப் போட்ட சேறு. குளம் வான் பாயும் நாட்களில் வீதிக்கு மேலாலேயே தண்ணி ஓடும்.

வீடு பிரதான வீதியோடு இருக்கிறது, வீட்டில் நாலு பேர்தான் என்றால் இந்தப் பதிவை இதோடு மூடிவிட்டு ஒரு கார் பாருங்கள். கலியாணத்துக்கும் மடுத் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் பத்துப் பேரை ஏற்ற வேண்டும் என்பதுதான் தேவை என்றால் டொல்பின் வான் போதும். அதே காசுக்கு இடமும் கூட, ஏறி இறங்கவும் லேசு. இரண்டும் சேர்ந்து வேண்டும், அதாவது ஏழு பேர் போகவும் வேண்டும், மாரியில் வீடு வந்து சேரவும் வேண்டும் என்பவருக்குத்தான் ரொயோட்டா பிராடோ, மிற்சுபிசி மொன்டேரோ ஆகிய ஜீப்புகள்.

முதலில் பாரக் கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் லொறிக்குச் சரிசமமாகத் தெரியும் இந்த வாகனங்கள் உண்மையில் சுமக்கக்கூடியது, மாதிரியைப் பொறுத்து, 500 இலிருந்து 700 கிலோ வரைதான். ஆட்களும் அந்தக் கணக்குக்குள் அடக்கம். பெரியவர் ஐந்து பேரும் பிள்ளைகள் இரண்டு பேரும் ஏறினால் 400 கிலோ போய்விடும். மிச்சத்துக்குள்தான் பயணப்பை, தண்ணிக் கான், ஊரிலிருந்து கொடுத்துவிடும் அரிசி, தேங்காய் எல்லாம். அரிசி மூட்டை இரண்டை மேலே ராக்கில் கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். உயரமான வாகனத்தில் மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் அதைக் கவிழ்க்கப் பார்க்கும். பாரத்தைக் கீழே, இரண்டாம் வரிசை இருக்கைக்குப் பின்னால் ஒட்டி வைத்து, கட்டிவிடுங்கள். மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் பின்னுக்கு மிஞ்சுவது பள்ளிக்கூடப் பைகள் வைக்கும் அளவு இடந்தான்.

அந்த மூன்றாம் வரிசையைப் பற்றியும் ஒரு சொல். தரை உயரம், இருக்கை பதிவு, அதனால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத்தான் சரி. கிரவலில் பின் அச்சுக்கு மேலே இருப்பதால் குலுக்கம் முழுக்க அங்கேதான் வரும், சத்தியும் அங்கேதான் முதலில் வரும். வாங்கும்போது மூன்றாம் வரிசைக்கும் ஏசி வாய் இருக்கிறதா என்று பாருங்கள். அம்மம்மாவுக்கு இடம் முன் இருக்கை. ஏறுவதற்குப் பக்கப்படியும், முன் கண்ணாடித் தூணில் பிடியும் இல்லாத ஜீப்பில் வயது போனவர்களை ஏற்றி இறக்குவது ஒவ்வொரு தடவையும் சிரமம். குழாய்ப் படியை விட அகலமான தட்டைப் படி நல்லது. சேற்றுக் காலோடு குழாயில் வைத்தால் சறுக்கும்.

அடுத்தது டீசலா பெற்றோலா. தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே கையில் கிடைப்பதில் பெரும்பாலானவை பழையவை. பிராடோவின் 3.0 டீசல் நீண்ட பயணத்தில் லீற்றருக்கு 9, 10 கிலோமீற்றர் தரும். 2.7 பெற்றோல் 7 தந்தால் திருப்தி. மொன்டேரோ 3.2 டீசல் பிராடோவை விடச் சற்றுக் குறைவு. வீ6 பெற்றோல் பற்றிப் பேசவே வேண்டாம், 5 அல்லது 6. மாதம் 800 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு டீசல் ஏறத்தாழ 90 லீற்றர், 2.7 பெற்றோல் 115 லீற்றர். வித்தியாசம் வருடத்துக்கு 300 லீற்றர். டீசல் எஞ்சினில் டீசலைத் தெளிக்கும் நாலு இன்ஜெக்டரும் மாற்ற வேண்டி வந்தால் சில வருட மிச்சம் ஒரே நாளில் போய்விடும். மாதம் 1,500 கிலோமீற்றருக்கு மேல் ஓடுபவருக்கு டீசல், அதற்குக் கீழே 2.7 பெற்றோல் என்பது என் கணக்கு. அந்தப் பெற்றோல் எஞ்சினில் ரைமிங் செயின், சிக்கலான டீசல் பம்ப் இல்லை, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எந்தக் கராஜிலும் பிரிப்பார்கள். மேட்டில் கொஞ்சம் முனகும். வன்னியில் மேடு எங்கே இருக்கிறது?

2015 இற்குப் பிறகு வந்த பிராடோ 2.8 டீசலை ஜப்பானிலிருந்து வந்ததாக யாராவது காட்டினால், அதில் புகைக்கரியைப் பிடிக்கும் டீபீஎஃப் இருக்கும். அதற்கு ஓட்டோ டீசல் ஆகாது, கந்தகம் குறைந்த சூப்பர் டீசல்தான் அடிக்க வேண்டும். கரி எரிந்து வெளியேற எஞ்சின் நன்றாகச் சூடாகி இருபது நிமிடமாவது நிற்காமல் ஓட வேண்டும். பள்ளிக்கூடம், சந்தை, வீடு என்று மூன்று கிலோமீற்றர் ஓட்டத்திலேயே வைத்திருந்தால் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கைப் போடும். கிழமைக்கு ஒரு தடவை ஏ9 இல் ஏறி, சட்டம் விடும் 70 இல், வவுனியாப் பக்கம் போய் வருபவருக்குப் பிரச்சினை இல்லை.

எரிபொருள் தட்டுப்பாடு திரும்பவும் வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. 2022 இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு 9 கிலோமீற்றர் என்றால் 180. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் ஊடாக வவுனியா ஆசுபத்திரிக்கு ஒரு தடவை போய்வர ஏறத்தாழ அவ்வளவும் முடிந்துவிடும். பிராடோவின் தாங்கி 87 லீற்றர், மொன்டேரோவின் தாங்கி 88. மாரி தொடங்கினால் அதை அரைவாசிக்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால் பரலிலும் கானிலும் வைத்து விற்கும் டீசலை, உயர் அமுக்கத்தில் தெளிக்கும் கொமன்ரெயில் எஞ்சினுக்குள் ஊற்றக் கூடாது. தண்ணியும் துருவும் சேர்ந்துதான் வரும்.

பழைய வாகனம் பார்க்கப் போகும்போது விடிய வெள்ளனவே போங்கள், சொந்தக்காரர் ஸ்ராட் பண்ணி வைக்க முன்னர். பொனற்றில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். பிராடோ 3.0 இல் பார்க்க வேண்டிய முதல் விசயம் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாசர். அது கசியத் தொடங்கினால் எரிந்த வாயு ஒயிலுக்குள் இறங்கும், ஒயில் தாராகும், அந்தத் தார் சம்புக்குள் (எஞ்சின் அடியில் ஒயில் தேங்கும் இடம்) இருக்கும் ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். பிறகு எஞ்சினுக்கு ஒயில் ஏறாது. ஒயில் விளக்கு எரியும் நேரத்தில் பெயரிங் தேய்ந்திருக்கும். ஆகவே சம்பின் கீழ்ச் சட்டியைக் கழற்றி வலையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மணித்தியால வேலை. மறுக்கிற ஆளிடம் வாங்காதீர்கள்.

பிறகு எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திருப்பி, தலைகீழாக அந்தத் துளைக்கு மேலே வையுங்கள். லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் பிஸ்ரன் றிங் தேய்ந்துவிட்டது. ஸ்கானர் உள்ள மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிப் போனால், எஞ்சின் சூடாகி ஐடிலில் நிற்கும்போது நாலு இன்ஜெக்டரின் திருத்த எண்ணையும் எடுக்கச் சொல்லுங்கள். கூட்டல் 3 இற்கும் கழித்தல் 3 இற்கும் இடையில் எல்லாம் நிற்க வேண்டும். ஒன்று தனியே விலகி நின்றால் அந்த இன்ஜெக்டருக்குக் காசு எடுத்து வையுங்கள், விலையிலும் குறையுங்கள். இந்த எஞ்சினில் ரைமிங் பெல்ட் 150,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டியது. மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்து, வாங்கிய கிழமையே மாற்றிவிடுங்கள். மீற்றர் சுத்தப்பட்டிருக்கக்கூடிய நாட்டில் அந்த எண்ணை நம்பி பெல்ட்டை விடுவது வீண் துணிச்சல்.

மொன்டேரோ 3.2 இல் ரைமிங் செயின். விடியக்காலை முதல் ஸ்ராட்டில் சில செக்கன் முன்பக்கம் கலகலவென்று சத்தம் வந்தால் செயினை இறுக்கும் ரென்சனர் போகிறது. ஐடில் ஏறி இறங்கி, சந்தியில் நிற்கும்போது அணைந்து போனால் பெரும்பாலும் காரணம் டீசல் பம்பில் இருக்கும், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சீவீ வால்வு. பம்பையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் அந்த வால்வை மாற்றிப் பாருங்கள். புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் ஈஜீஆர் வழியாக வரும் கரி இன்ரேக் குழாயைச் சுருக்கிவிடும். அதைக் கழற்றித் துப்புரவாக்கினாலே இழுவை திரும்பி வரும்.

இரண்டிலும் போர் வீலை (நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் நிலை, பிராடோவில் நடு டிபரன்சல் லொக்) போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். வருடக்கணக்காக யாரும் தொடாத லீவர் இறுகிப் போயிருக்கும், அல்லது விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. பிடிக்கிற வாகனத்திலும் மாதம் ஒரு தடவை கிரவலில் ஓரிரு கிலோமீற்றர் போட்டு ஓட்டினால்தான் மாரியில் கைகொடுக்கும். கால் மிதியடிக்குக் கீழே கம்பளத்தை உயர்த்தி, இருக்கைத் தண்டவாளத்தில் துரு, காய்ந்த வண்டல் இருக்கிறதா பாருங்கள். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ வளவுகளுக்குள் புகுந்தது. வெள்ளத்தில் நின்ற வாகனத்தில் வயர் இணைப்புகள் ஒவ்வொன்றாக வருடக்கணக்கில் செத்துக்கொண்டு போகும்.

இனி புழுதி. வன்னியில் ஜீப்பைக் கொல்வது சேறு இல்லை, புழுதிதான். சேற்றில் புதைந்த வாகனத்தை இழுத்து எடுக்கலாம். புழுதி தின்ற எஞ்சினுக்கு றீபில்ட் தவிர வழி இல்லை. கையேட்டில் சாதாரண சேர்விஸ் அட்டவணைக்குப் பக்கத்தில் கடினமான பயன்பாட்டுக்கென்று இன்னொரு அட்டவணை இருக்கும். புழுதி வீதியில் ஓடும் வாகனங்கள் அதில்தான் வரும். எங்கள் பக்க வாகனத்துக்கு அதுதான் சட்டம். டீசலுக்கு ஒயிலும் ஒயில் பில்ரரும் 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை. பிராடோ 3.0 இற்கு பில்ரரோடு சேர்த்து ஏறத்தாழ 7 லீற்றர் பிடிக்கும். டீசல் பில்ரர் 10,000 இற்கு ஒன்று. இடையில், மாதம் ஒரு தடவை, அதன் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணியை வடித்துவிடுங்கள். தண்ணி விளக்கு எரியும் வரை காத்திருக்க வேண்டாம்.

எயார் பில்ரரைக் கோடையில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். திறக்க முன்னர் பெட்டியின் வெளிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திறக்கும்போதே புழுதி உள்ளே விழும். பில்ரரை எடுத்தபின், எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒரு தடவை துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் எல்லாம் சரி. சிவப்புப் பட்டால் எங்கோ காற்று களவாகப் போகிறது: பில்ரரின் ரப்பர் விளிம்பு சரியாக அமரவில்லை, கிளிப் ஒன்று உடைந்திருக்கிறது, அல்லது குழாயின் மடிப்பில் வெடிப்பு. அதைக் கண்டுபிடிக்காமல் வாகனத்தை எடுக்காதீர்கள்.

பில்ரருக்குக் காற்றடிப்பதிலும் முறை இருக்கிறது. உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, 30 பீஎஸ்ஐக்கு மேற்படாமல், ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். கராஜில் ரயருக்கு அடிக்கும் முழு அமுக்கத்தோடு கிட்டப் பிடித்து அடித்தால் கடதாசியில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், பிறகு அது பில்ரர் இல்லை, அலங்காரம். மூன்று தடவை அடித்தால் நாலாவது தடவை புதிது போடுங்கள். தட்டித் தட்டிக் கொட்டுவதும் தண்ணியில் கழுவுவதும் கூடாது. மலிவு விலைப் போலிப் பில்ரர் வன்னியில் மிகப் பெரிய செலவு. ஸ்நோர்க்கல் (காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) பூட்டுவது தண்ணிக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இங்கே அதன் பெரிய நன்மை, காற்றைப் புழுதி குறைந்த உயரத்திலிருந்து எடுப்பது. பூட்டினால் பெட்டியோடு சேரும் மூட்டைக் காற்றுப் புகாமல் ஒட்டச் சொல்லுங்கள்.

வாகனத்துக்குள் புழுதி வருவதைக் குறைக்க ஒரு வழி: யன்னல் எல்லாம் பூட்டி, ஏசியை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்து, விசிறியைக் கூட்டுங்கள். உள்ளே காற்றமுக்கம் கூடுவதால் பின்கதவு ரப்பர் இடுக்கால் புழுதி உறிஞ்சப்படாது. முன்னால் ரிப்பர் போனால் மட்டும் உட்காற்றுக்கு மாற்றி, அதன் புழுதி அடங்கும் வரை பின்னுக்கு நில்லுங்கள். பிள்ளைகளுக்கு இழுப்பு இருக்கும் வீட்டில் கபின் பில்ரரை 10,000 இற்கு ஒன்று மாற்றுவது மருந்துச் செலவை விடக் குறைவு.

புழுதிக்கு அடுத்த எதிரி நம் கிணற்றுத் தண்ணி. வன்னியின் நிலத்தடி நீர் வன்மையானது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே படிவுதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் எஞ்சின் தலையின் நீர்வழிகளிலும் படியும். முதல் வருடம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் கோடையில், ஏழு பேரோடும் ஏசியோடும் போகும்போது சூடு ஏறும், தலை வளையும், கஸ்கற் போகும். பற்றரிக்கு விற்கும் கனிமம் நீக்கிய தண்ணியும் நல்ல கூலன்ரும் சரிபாதி கலந்துதான் ஊற்ற வேண்டும். கலந்தே விற்கும் கூலன்ர் என்றால் தண்ணி சேர்க்கக் கூடாது. நடுவழியில் அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணி விட்டால், வீடு வந்ததும் முழுவதையும் வடித்து மாற்றிவிடுங்கள். சூடான றேடியேற்றரின் மூடியை எந்த அவசரத்திலும் திறக்க வேண்டாம்.

முன்பக்க வலைக்குப் பின்னால் ஏசி கொண்டென்சர், அதற்குப் பின்னால் றேடியேற்றர். இரண்டுக்கும் நடுவில் வைக்கோல் தூசு, பூச்சி, புல்விதை எல்லாம் கம்பளமாக அடையும். அறுவடைக் காலத்தில் மாதம் ஒரு தடவை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணத் தண்ணிக் குழாயால் கழுவுங்கள். பிறசர் பம்பைக் கிட்டப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். எஞ்சின் சூடாகி ஓடும்போது விசிறி பெரிய இரைச்சலோடு சுற்ற வேண்டும். அணைத்தபின் விசிறியைக் கையால் சுற்றினால் தடையே இல்லாமல் பல சுற்றுப் போனால் அதன் விஸ்கஸ் கப்ளிங் முடிந்துவிட்டது.

அடிப்பக்கத்துக்கு வருவோம். அலை அலையான கிரவலில் முதலில் போவது ஸ்ரபிலைசர் லிங்கும் அதன் புஷ்ஷும். டொக் டொக் சத்தம், ஆனால் மலிவான வேலை. அடுத்தது சில்லைத் தாங்கும் கீழ்க்கையின் (லோவர் ஆம்) பெரிய புஷ், அதன் பிறகு சொக் அப்சோபர். கீழ் போல்ஜொயின்ரைத்தான் அலட்சியம் பண்ணக் கூடாது. அது கழன்றால் சில்லு பக்கவாட்டில் சரிந்து வாகனம் அந்த இடத்திலேயே இருந்துவிடும். ஜக்கில் உயர்த்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரியும். முன் அச்சு மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (சீவீ பூட்) பற்றை முள்ளு கிழிக்கும். கிழிந்த அன்றே மாற்றினால் ரப்பர் செலவு மட்டும், புழுதி புகுந்தபின் முழு அச்சு.

பிராடோவின் புறப்பெலர் சாப்ரில் (கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டு) கிறீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. பல சேர்விஸ் நிலையங்களில் அவற்றை யாரும் தொடுவதில்லை. நின்று எடுக்கும்போது கீழே டங் என்று ஒரு சத்தம் வந்தால் கியர்ப்பெட்டி போகிறது என்று பயப்பட முன்னர் அதற்குக் கிறீஸ் அடியுங்கள். சிலுவை மூட்டில் பழைய கிறீஸ் வெளியே வரும் வரை அடிக்கலாம். நீண்டு சுருங்கும் பகுதியில் இரண்டு மூன்று அமுக்குக்கு மேல் வேண்டாம், நிறைய அடித்தால் அது சுருங்க இடமில்லாமல் இறுகும். தண்ணிக்குள்ளால் போய் வந்த ஒவ்வொரு தடவையும் திரும்ப அடிக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரைப் பக்கமோ ஆனையிறவு உப்புக் காற்றிலோ நிற்கும் வாகனத்துக்கு அடிப்பக்கத்தை நல்ல தண்ணியால் கிழமைக்கு ஒரு தடவை கழுவாவிட்டால் சேஸி பொருக்கு விடும்.

ரயர்: 265/65ஆர்17 என்பது இந்த வாகனங்களில் அதிகம் காணும் அளவு. காப்பற் வீதியிலேயே ஓடுபவருக்கு எச்ரீ ரகம், பாதிக்கு மேல் கிரவல் என்றால் ஏரீ. சேற்றுக்கென்று வரும் எம்ரீ குடும்பத்துக்கு வேண்டாம், இரைச்சலும் கூட, நனைந்த காப்பற்றில் பிறேக்கும் குறைவு. பக்கச் சுவரில் நாலு இலக்கத் திகதி இருக்கும். 2319 என்றால் 2019 இன் 23 ஆம் வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் ஆறு ஏழு வருடம் கடந்த ரயரை நம்பிப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம், இங்கே வெயில் ரப்பரை வெடிக்க வைக்கும். சில பிராடோக்களில் ஸ்பெயர் பின்னால் அடியில் சங்கிலியில் தொங்கும். அந்த இறக்கும் பொறி செம்மண்ணில் இறுகிப் போகும், வருடம் இரண்டு தடவை இறக்கி ஏற்றிக் கிறீஸ் பூசுங்கள். ஜக்குக்கு அடியில் வைக்க ஒன்றரை அடிச் சதுரப் பலகை ஒன்று கட்டாயம். ஈர மண்ணில் பலகை இல்லாமல் ஜக் அடித்தால் வாகனம் உயராது, ஜக்தான் கீழே போகும்.

போர் வீலைப் பற்றி நிறையத் தவறான எண்ணங்கள். அது ஏற உதவும், நிற்க உதவாது. நனைந்த வீதியில் பிறேக் பிடிக்கும் தூரத்தை அது குறைக்காது, பாரம் கூடியதால் ஜீப்புக்கு மோசமாகக்கூட இருக்கலாம். பிராடோவில் எப்போதும் நாலு சில்லும் இழுக்கும், நடு டிபரன்சலை (முன் பின் அச்சுகள் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பகுதி) லொக் பண்ணுவது மட்டும் நம் வேலை. மொன்டேரோவில் 4எச் (நாலு சில்லும் இழுக்கும் வேக நிலை) காப்பற்றிலும் பாவிக்கலாம், நடு டிபரன்சலை லொக் பண்ணும் 4எச்எல்சி கூடாது. நடு டிபரன்சல் இல்லாத வாகனத்தில் 4எச் போட்டுக் காய்ந்த காப்பற்றில் ஓட்டினால் முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும். திருப்பும்போது ஸ்ரியரிங் இறுகுவதில் அது தெரியும். மெதுவாக, கூடிய இழுவையோடு போகும் 4எல் நிலையைப் போட வாகனம் முழுதாக நிற்க வேண்டும், கியர் நியூற்றலில் இருக்க வேண்டும்.

சேற்றுக்குள் இறங்க முன்னரே 4எல் போட்டு, நடு லொக்கைப் போட்டு, இரண்டாம் கியரில் ஒரே சீராக ஓட்டுங்கள். நடுவில் அக்சிலை விட்டு அழுத்த வேண்டாம். சில்லு சுற்றத் தொடங்கி வாகனம் நகரவில்லை என்றால் உடனே காலை எடுங்கள். ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்கும். அச்சு மண்ணில் இருந்தால் மண்வெட்டியால் அடியை எடுத்து, ரயர் காற்றை 18 அல்லது 20 பீஎஸ்ஐக்கு இறக்கி, சில்லுக்கு முன்னால் பனை மட்டையோ தென்னை மட்டையோ போட்டு, வந்த வழியே பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். முன்னுக்குப் போவதை விடப் பின்னுக்கு வருவது பெரும்பாலும் லேசு. அதற்கும் அசையாவிட்டால் அயலில் உழவு இயந்திரம் இருக்கும். சங்கிலி வேண்டாம், தடித்த நைலோன் பட்டி. சேஸியோடு பூட்டிய கொளுக்கியில் கட்ட வேண்டும், ட்ரெயிலர் இழுக்கும் உருண்டையில் கட்டினால் அது தெறித்து வந்து ஆளைக் கொல்லும். பட்டி இழுபடும்போது பிள்ளைகள் உட்பட எல்லோரும் பட்டியின் நீளத்தை விடக் கூடத் தள்ளி நிற்க வேண்டும். வெளியே வந்ததும் காற்றைத் திரும்ப அடிக்காமல் காப்பற்றில் ஏறக் கூடாது. 12 வோல்ற் கொம்பிறசர் ஒன்று பின்னுக்குக் கிடக்கட்டும்.

சேற்றைச் சுற்றிப் போகலாம் என்று வீதியை விட்டுப் பற்றைக்குள் இறக்குவதுதான் மற்ற மாவட்டத்தாருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம். இங்கே செய்யக் கூடாது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மழை வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்ததை இடம் மாற்றும். சிவப்புப் பலகை இல்லை என்பது துப்புரவான நிலம் என்பதற்கு அத்தாட்சி இல்லை. ஆட்களும் மாடுகளும் தினம் போகும் தடத்தை விட்டு விலகாதீர்கள். திருப்ப இடம் இல்லையா, ரிவேர்சிலேயே வாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து ஜீப்பைக் கண்டதும் காடு பார்க்கக் கேட்கும் மச்சான்மாருக்கும் இதையே சொல்லுங்கள்.

வீதிக்கு மேலால் தண்ணி ஓடும்போது பிராடோவுக்குச் சொல்லப்படும் 700 மில்லிமீற்றர் ஆழம் நிற்கும் தண்ணிக்கு. ஓடும் தண்ணியில் முழங்கால் ஆழமே இரண்டு தொன் வாகனத்தைப் பக்கத்தில் தள்ளும், ஏனென்றால் அடியில் காற்று அடைந்த உடல் மிதக்கப் பார்க்கும். அடி தெரியாத தாம்போதியில் கரைக் கட்டைகள் தெரியவில்லை என்றால் திரும்புங்கள். நிற்கும் தண்ணியில் போகலாம் என்றால் 4எல், முதலாம் கியர், நடக்கிற வேகம், முன்னால் சின்ன அலை எழும் அளவு. நடுவில் எஞ்சின் நின்றால் திரும்ப ஸ்ராட் பண்ணக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணி போயிருந்தால் கொன்ராட் வளைந்துவிடும். கடந்து வந்ததும் பிறேக்கை மெதுவாகப் பல தடவை அழுத்திக் காய வையுங்கள். அடுத்த நாள் முன் பின் டிபரன்சல் மூடிகளைத் திறந்து பாருங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

இரவில் ஏ9 இல் மாடு படுத்திருக்கும், காப்பற்றில் பகல் சூடு நிற்பதால். வெளிச்சத்துக்குள் மாடு வந்தால் நேராகப் பிறேக் அழுத்துங்கள், ஏபீஎஸ் தன் வேலையைச் செய்யும். 70 இல் ஸ்ரியரிங்கை வெட்டினால் உயரமான வாகனம் உருளும். யானை நின்றால் ஹோன் அடிக்காமல், வெளிச்சத்தை மின்ன விடாமல் தள்ளி நின்று, தேவையானால் மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். எயார்பாக் உள்ள ஜீப்புக்கு ஊரில் அடித்த இரும்பு புல்பார் பூட்ட வேண்டாம். மோதும் உணர்கருவியின் கணக்கை அது மாற்றிவிடும்.

வளவுக்குள்ளேயும் கவனம் வேண்டும். பொனற்றும் பின்கதவும் உயரமாக இருப்பதால் மூன்று வயதுப் பிள்ளை முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. பின் கமெரா இருக்கும், ஆனால் கிரவலில் வந்த வாகனத்தில் அதன் கண்ணாடியில் செம்மண் அப்பியிருக்கும். எடுக்க முன்னர் ஒரு தடவை சுற்றி நடந்து, அடியிலும் குனிந்து பாருங்கள், நாயும் கோழியும் நிழலுக்கு அங்கேதான் படுக்கும். நெல்லு வீட்டில் இருக்கும் காலத்தில் எலி எஞ்சினுக்குள் ஏறி வயர் கடிக்கும். இரவில் பொனற்றைத் திறந்து வைத்தால் மறைவு இல்லாததால் கூடு கட்டுவது குறையும்.

கடைசியாகப் பத்திரங்கள். சீஆர் புத்தகத்தில் (வாகனப் பதிவுப் புத்தகம்) லீசிங் கொம்பனியின் பெயர் நிற்கிறதா பாருங்கள். சேஸி இலக்கத்தை அது குத்தியிருக்கும் இடத்தில் (பிராடோவில் முன் வலது சில்லுப் பக்கம் சேஸியில்) துரு தட்டி நேரிலே ஒத்துப் பாருங்கள். வருட வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை வேண்டும். அதற்குப் போக முன்னர் எயார் பில்ரரை மாற்றி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போனால் டீசல் வாகனம் தேவையில்லாமல் தோற்காது. காப்புறுதி எடுக்கும்போது முழுக் காப்புறுதிக்குள் வெள்ளம் அடங்குகிறதா, தனியாகச் சேர்க்க வேண்டுமா என்பதைக் கேட்டு, பத்திரத்தில் எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். ஐப்பசிக்கு முன்னர்.